வெண்மையாக்கிய பல்லில் அடைப்பு நிலைத்து நிற்க: ஒட்டுத்திறனை மீட்கும் முறை

பல்லை வெண்மையாக்கிக்கொண்ட சில நாட்களிலேயே, முன்பல்லில் உள்ள பழைய அடைப்பு மட்டும் மஞ்சளாகத் தனித்துத் தெரிகிறது என்று சொல்லி அதை உடனே மாற்றித் தரும்படி கேட்பவர்கள் பலர். அந்தக் கோரிக்கையில் தவறில்லை. அதற்கு உடனே இசைந்துவிடுவதில்தான் தவறு இருக்கிறது. வெண்மையாக்கிய பல்லின் கடினமான வெளிப்படலமான எனாமலும் அதற்கு உள்ளே இருக்கும் டென்டினும் சில நாட்களுக்கு, அடைப்புக்கும் ஒட்டுக்கும் அடிப்படையான ரெசின் என்ற பிசினைச் சரியாகப் பற்றிக்கொள்வதில்லை. அந்த நாட்களில் வைக்கப்படும் காம்போசிட் அடைப்பு, அதாவது பல்நிற ரெசின் கலவை அடைப்பு, அன்றைக்கு நன்றாகவே தோன்றும். ஆனால் சில மாதங்களில் விளிம்பில் பழுப்புக் கோடு விழலாம், குளிர்ந்த நீர் பட்டால் கூசலாம், அல்லது ஏதோ ஒன்றைக் கடிக்கும்போது அடைப்பு முழுதாகக் கழன்று கையில் வந்துவிடலாம். இழந்த ஒட்டுத்திறனை எப்படி மீட்பது, எப்போது மீட்க முயலாமல் காத்திருப்பது என்பதைப் பல் மருத்துவம் பயில்வோரையும், தம் பல்லில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பும் வாசகரையும் மனத்தில் வைத்து இங்கே விளக்குகிறேன். இதில் கூறப்படும் மருந்துப் பூச்சுகள் எல்லாம் மருத்துவர் கையால் செய்யப்பட வேண்டியவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிணைப்பு ஏன் தளர்கிறது

வெண்மையாக்கும் மருந்துகள் பெயரில் பலவாக இருந்தாலும் வேலை செய்யும் பொருள் ஒன்றுதான்: ஹைட்ரஜன் பெராக்சைடு. வீட்டில் அச்சுத் தட்டில் இட்டுப் பயன்படுத்தும் கார்பமைடு பெராக்சைடும் வாயில் சிதைந்து இதையே தருகிறது. 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு ஏறத்தாழ 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் 6.5 சதவீத யூரியாவாகவும் பிரிகிறது. மருத்துவமனை நாற்காலியில் பயன்படுத்தப்படும் கரைசல்களோ 25 முதல் 40 சதவீதம் வரை செறிவுள்ளவை. பெராக்சைடின் மூலக்கூறு மிகச் சிறியது என்பதால் எனாமல் வழியே ஊடுருவி டென்டினையும், சில நிமிடங்களிலேயே பல்கூழ் அறையையும் எட்டிவிடுகிறது. நிறமிகளைச் சிதைத்த பிறகும் பெராக்சைடின் எச்சமும் அதிலிருந்து பிரிந்த ஆக்ஸிஜனும் எனாமலின் நுண்துளைகளிலும் டென்டினின் நுண்குழல்களிலும் தேங்கி நிற்கின்றன. டென்டின் இந்த வகையில் ஒரு சேமிப்புத் தொட்டியைப் போன்றது. மேற்பரப்பைக் கழுவித் துடைத்தாலும் உள்ளிருந்து மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும்.

காம்போசிட்டும் அதைப் பல்லோடு ஒட்டும் பாண்டிங் திரவமும் தனியுறுப்பு (இணையற்ற எலக்ட்ரான் உள்ளதால் எளிதில் வினைபுரியும் துகள்) வினை வழியே இறுகுபவை. நீல ஒளி பட்டதும் தோன்றும் தனியுறுப்புகள் ஒரு மூலக்கூற்றை இன்னொன்றுடன் கோத்துச் சங்கிலியாக்குகின்றன. ஆக்ஸிஜன் அருகில் இருந்தால், அந்தத் தனியுறுப்பு தனக்கு அடுத்த ரெசின் மூலக்கூற்றைப் பற்றுவதற்கு முன்பே ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்கிறது. அப்படி உருவாகும் பெராக்சில் தனியுறுப்புக்குச் சங்கிலியைத் தொடரும் வேகம் இல்லை. கோர்வை அங்கேயே அறுந்துவிடுகிறது. காம்போசிட்டை ஒளியில் இறுக்கிய பிறகு மேலே பிசுபிசுப்பாக ஒரு மெல்லிய படலம் எஞ்சுவதை எல்லாப் பல் மருத்துவர்களும் அறிவார்கள். காற்றின் ஆக்ஸிஜன் செய்யும் வேலை அது. வெண்மையாக்கிய பல்லில் அதே பிசுபிசுப்பு அடைப்பின் மேலே மட்டுமல்லாமல், அடைப்புக்கும் பல்லுக்கும் நடுவிலும், அதாவது எது உறுதியாக இருக்க வேண்டுமோ அந்த இடத்திலேயே உண்டாகிறது என்று நினைத்துக்கொண்டால் சிக்கல் முழுவதும் விளங்கிவிடும்.

1988 முதல் டிட்லி, டார்னெக் முதலியோர் வெளியிட்ட ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. பெராக்சைடு பட்ட எனாமலில் ஒட்டிய ரெசினைப் பிரிக்கத் தேவைப்பட்ட விசை குறைந்திருந்தது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது எனாமலுக்குள் இறங்க வேண்டிய ரெசின் இழைகள் துண்டுதுண்டாகவும் ஆழம் குறைந்தும் காணப்பட்டன, சில பகுதிகளில் ரெசினே பற்றியிருக்கவில்லை. பெராக்சைடு எனாமலின் கனிமத்திலும் புரதத்திலும் சிறு மாற்றங்களைச் செய்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் எஞ்சிய பெராக்சைடைச் செயலிழக்கச் செய்யும் ஆக்ஸிஜன் எதிர்ப்பொருள் பூசியதும், அல்லது சில நாட்கள் கழிந்ததும், பிணைப்பு பெருமளவு மீண்டுவிடுவதைப் பார்த்தால் முதன்மையான குற்றவாளி தேங்கிய ஆக்ஸிஜனே என்று கொள்வது பொருத்தம். ஒட்டுப்பொருளை மாற்றிக்கொண்டே இருப்பதால் மட்டும் இந்தச் சிக்கல் தீராது என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதுவே.

பழைய அடைப்பும் புதிய அடைப்பும் ஒன்றல்ல

நோயாளிகள் கேட்கும் முதல் கேள்வி, "என் பழைய அடைப்பு கழன்று விழுந்துவிடுமா?" என்பது. ஏற்கெனவே இறுகி முடிந்த அடைப்பின் பிணைப்பில் ஆக்ஸிஜன் தடுக்க வேண்டிய வினை ஏதும் மிச்சமில்லை. எனவே விளிம்பு நன்றாக மூடியிருக்கும் அடைப்பு வெண்மையாக்கலால் கழன்றுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அதற்கு நேரும் இடர் வேறு. காம்போசிட்டோ பீங்கானோ பல்லைப் போல வெளுப்பதில்லை. ஆகவே நிறம் ஒத்துப்போகாமல் போகும். இன்னொரு பக்கம், விளிம்பு ஏற்கெனவே விலகியிருக்கும் அடைப்பின் வழியே பெராக்சைடு நேராக உள்ளே இறங்கிப் பல்கூழை எரிச்சலூட்டும். இதனால்தான் வெண்மையாக்கலுக்கு முன்பே எல்லா அடைப்புகளின் விளிம்பையும் நுண்கருவியால் தடவிப் பார்த்து, கசிவுள்ளவற்றையும் சொத்தை உள்ளவற்றையும் இடைக்காலமாகவாவது மூடிவிட வேண்டும். அவற்றை அந்த வேளையில் இறுதியான காம்போசிட்டால் அடைப்பது வீண் செலவு; பல் வெளுத்த பின் நிறம் பொருந்தாமல் மீண்டும் எடுக்க வேண்டிவரும்.

ஒட்டுத்திறன் மீட்பு என்ற பேச்சு, வெண்மையாக்கிய பிறகு புதிதாக வைக்கப்படும் எதற்கும் பொருந்தும்: புதிய காம்போசிட், பழைய அடைப்பின் ஓரத்தைப் பழுதுபார்க்கும் ரெசின், ஒட்டவைக்கும் பீங்கான் முகப்பு, பல்வரிசைக் கம்பிக்கான பிராக்கெட். எங்கெல்லாம் ரெசின் புதிதாக இறுக வேண்டுமோ அங்கெல்லாம் இது பொருந்தும்.

எத்தனை நாள் காத்திருப்பது

மிகச் சிறந்த மருந்து காலம்தான் என்பது என் உறுதியான கருத்து. உமிழ்நீர் பல்லை நனைத்துக்கொண்டே இருக்க, எஞ்சிய பெராக்சைடு சிதைந்து ஆக்ஸிஜன் படிப்படியாக வெளியேறுகிறது; எனாமல் தான் இழந்த கனிமத்தையும் உமிழ்நீரிலிருந்து ஓரளவு மீட்டுக்கொள்கிறது. ஆய்வுகளில் குறிப்பிடப்படும் காத்திருப்புக் காலம் 24 மணி நேரத்திலிருந்து மூன்று வாரம் வரை வேறுபடுகிறது. மருந்தின் செறிவு, அது பல்லில் இருந்த நேரம், சோதித்தது எனாமலா டென்டினா என்பவற்றைப் பொறுத்தே இந்த வேறுபாடு. நடைமுறையில் குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. குழி ஆழமாக டென்டினுக்குள் சென்றிருந்தாலோ, நாற்காலியில் உயர்செறிவு மருந்தைப் பலமுறை பூசியிருந்தாலோ இரண்டு வாரத்துக்குக் குறைக்க வேண்டாம்.

இரண்டு வாரம் என்பதற்கு ஆதரவாக இன்னொரு வலுவான காரணம் உண்டு. நோயாளியிடம் பேசும்போது இதை முன்வைத்தால் அவர் எளிதில் ஏற்றுக்கொள்வார். வெண்மையாக்கிய உடனே பல் உண்மையில் இருப்பதைவிட வெளுப்பாகத் தோன்றும். பல் நீரிழந்திருப்பதாலும், உள்ளே இருக்கும் ஆக்ஸிஜன் ஒளி ஊடுருவும் விதத்தை மாற்றுவதாலும் இந்தத் தோற்றம் ஏற்படுகிறது. சில நாட்களில் நிறம் சற்றே பின்வாங்கி ஓரிடத்தில் நிலைகொள்ளும். முதல் வாரத்தில் நிறச்சாயல் (ஷேட்) பார்த்து அடைத்தால், பிற்பாடு பல் சற்று மங்கி அடைப்பு மட்டும் சுண்ணாம்புபோல வெளிறித் தெரியும். மஞ்சளாகத் தெரிகிறது என்று வந்தவர் வெள்ளையாகத் தெரிகிறது என்று திரும்பி வருவார். ஆகவே ஒட்டுத்திறனை ஒரே மணி நேரத்தில் முழுதாக மீட்டுவிடும் மருந்து கைவசம் இருந்தாலும்கூட, முன்பல் என்றால் நிறத்துக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.

நாட்களை எண்ணத் தொடங்கும் இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். மருத்துவமனையில் கடைசியாக மருந்து பூசிய நாளை மட்டும் கணக்கில் கொண்டால் போதாது. நோயாளி வீட்டில் அச்சுத் தட்டைத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருக்கலாம். வெண்மையாக்கும் ஒட்டுப்பட்டைகளை வாங்கி வைத்திருக்கலாம். பயன்படுத்தும் பற்பசையிலோ வாய்க்கழுவியிலோ பெராக்சைடு இருக்கலாம். அவர் அவற்றை மருந்தாக எண்ணாததால் தாமாகச் சொல்லமாட்டார். பெட்டிகளையும் குழாய்களையும் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பது நல்லது. பெராக்சைடு எந்த வடிவிலாவது கடைசியாகப் பல்லில் பட்ட நாளே முதல் நாள்.

காத்திருக்கும் நாட்களில்

வெண்மையாக்கலின் நடுவில் அடைப்பு உடைந்துவிட்டால் குழியைத் திறந்தபடி விட முடியாது. இங்கே இடைக்கால அடைப்பைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். கிராம்பெண்ணெயின் சாரமான யூஜெனால் கலந்த துத்தநாக ஆக்சைடு சிமெண்ட் வலியைத் தணிப்பதால் பலரும் அதை எடுப்பார்கள். ஆனால் யூஜெனாலும் தனியுறுப்புகளைப் பிடித்து முடக்கும் பொருள். ஆக்ஸிஜனிடமிருந்து தப்பிக்கக் காத்திருந்துவிட்டு, அதே குழியில் இன்னொரு தடையை நாமே வைத்தது போலாகிவிடும். யூஜெனால் இல்லாத இடைக்காலப் பொருளையோ, வழக்கமான கிளாஸ் அயனோமரையோ வைக்கலாம். கிளாஸ் அயனோமர் அமிலமும் காரத்தன்மையுள்ள கண்ணாடித் தூளும் வினைபுரிந்து இறுகுவதால் தேங்கிய ஆக்ஸிஜன் அதன் இறுகலை நிறுத்திவிடுவதில்லை. ரெசின் கலந்த கிளாஸ் அயனோமருக்கு இந்தச் சலுகை முழுதாகக் கிடையாது. அதன் ஒரு பாதி இறுகுவது அதே தனியுறுப்பு வழியில்தான்.

கூச்சம் இருந்தால் பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசையைப் பயன்படுத்தலாம். எனாமல் கனிமம் மீள ஃபுளோரைடு உதவும். ஆனால் இறுதி அடைப்பு வைக்கும் நாளன்றோ அதற்கு முந்தைய நாளிலோ செறிவான ஃபுளோரைடு பூச்சைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் ஃபுளோரைடு ஏறிய எனாமல், அடைப்புக்கு முன் பூசும் அமிலத்துக்கு அதிகம் இசைந்து கொடுப்பதில்லை.

காத்திருக்க முடியாதபோது: சோடியம் ஆஸ்கார்பேட்

பல் முறிந்துவிட்டது, நோயாளி நீண்ட பயணம் செல்கிறார், பிராக்கெட் கழன்று சிகிச்சை நின்றுபோயிருக்கிறது என்பன போன்ற சூழல்களில் இரண்டு வாரம் என்பது நடவாத காரியம். அப்போது எஞ்சிய பெராக்சைடை வேதியியல் வழியில் நீக்கும் ஆக்ஸிஜன் எதிர்ப்பொருளை நாடலாம். இவற்றில் அதிகம் ஆராயப்பட்டது 10 சதவீத சோடியம் ஆஸ்கார்பேட். இது வைட்டமின் சியின் சோடியம் உப்பு. 2001இல் டென்டினிலும் 2002இல் எனாமலிலும் லாய் தலைமையிலான குழு செய்த ஆய்வுகள், பெராக்சைடால் தளர்ந்த பிணைப்பு இந்தக் கரைசலைப் பூசியபின் மீண்டதைக் காட்டின. ஆஸ்கார்பேட் எலக்ட்ரானைக் கொடுத்துப் பெராக்சைடின் எச்சத்தைச் செயலிழக்கச் செய்கிறது. அதன் பிறகு ரெசினின் சங்கிலி தடையின்றி நீள்கிறது.

இங்கே ஒரு பிழையைத் தவிர்க்க வேண்டும். வைட்டமின் சி என்றதும் மாத்திரையை நீரில் கரைத்துப் பூசலாம் என்று எண்ணுபவர்கள் உண்டு. மாத்திரையில் பெரும்பாலும் இருப்பது ஆஸ்கார்பிக் அமிலம்; அதன் கரைசல் எனாமலை அரிக்கும் அளவுக்குப் புளிப்பானது. சோடியம் ஆஸ்கார்பேட்டின் கரைசல் நடுநிலைக்கு அருகில் நிற்பது. பெயர் ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. எலுமிச்சைச் சாற்றைப் பல்லில் தேய்ப்பது இதைவிடக் கெடுதலானது.

கரைசலைத் தயாரிப்பது எளிது. 1 கிராம் தூய சோடியம் ஆஸ்கார்பேட் தூளைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து மொத்தம் 10 மில்லிலிட்டர் ஆக்கினால் 10 சதவீதக் கரைசல் கிடைக்கும். அன்றன்றைக்கு, முடிந்தால் பூசுவதற்குச் சற்று முன்பாகவே தயாரித்துக்கொள்ள வேண்டும். காற்றும் ஒளியும் பட்டால் ஆஸ்கார்பேட் தானே ஆக்ஸிஜனேற்றம் அடைந்து பயனற்றுப் போகிறது. நிறமற்ற கரைசல் மஞ்சளடித்திருந்தால் அதைக் கொட்டிவிடுங்கள். கரைசல் பல்லில் நிற்காமல் வழியும் என்பதால் களி வடிவமும் பயன்பாட்டில் இருக்கிறது. வீட்டு அச்சுத் தட்டில் இட்டு நீண்ட நேரம் வைத்திருக்க அதுவே வசதி.

பூசும் நாளில், பல்லைப் புளோரைடும் எண்ணெயும் இல்லாத நுரைக்கல் தூளால் துலக்கி, கழுவி, பல்லை மட்டும் வெளியே தெரியவிடும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேமை மாட்டிக்கொள்ள வேண்டும். ரப்பர் டேம் ஈறைக் காப்பதோடு, அடுத்து வரும் ஒட்டு வேலைக்கும் உலர்ந்த தளத்தைத் தரும். பழைய அடைப்பை நீக்கிக் குழியை முடித்த பிறகே ஆஸ்கார்பேட்டைப் பூச வேண்டும். முன்பே பூசிவிட்டு அதன்பின் குழியைத் தோண்டினால், மருந்து படாத புதிய டென்டின் மீண்டும் வெளிப்பட்டுவிடும். நுண்தூரிகையால் பரப்பிக்கொண்டே, நிமிடத்துக்கு ஒருமுறை புதிய துளியை மாற்றியபடி 10 நிமிடம் பல்லை நனைத்து வைத்திருப்பது ஆய்வுகளில் பரவலாகக் கையாளப்பட்ட அளவு. வெண்மையாக்கும் மருந்து பல்லில் இருந்த நேரத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு நேரமாவது எதிர்ப்பொருள் இருக்க வேண்டும் என்பது லாய் குழுவின் கருத்து. இரவு முழுதும் தட்டைப் போட்டவருக்கு இந்தக் கணக்கு மணிக்கணக்கில் வரும். நாற்காலியில் அது இயலாது. அத்தகையவருக்குப் பத்து நிமிடப் பூச்சை முழுத் தீர்வாக நம்பாமல், களியைத் தட்டில் கொடுத்தனுப்புவதையோ சில நாள் தள்ளிப்போடுவதையோ எண்ணிப்பார்ப்பது நல்லது.

பூசி முடித்ததும் அரை நிமிடத்துக்கு மேல் நீர்த் தாரையால் நன்கு கழுவ வேண்டும். ஆஸ்கார்பேட்டின் உப்புப் படிவு எனாமலில் தங்கிவிட்டால் அதுவே ரெசினுக்கும் பல்லுக்கும் நடுவே சுவராகிவிடும்.

திராட்சை விதைச் சாறு, பச்சைத் தேயிலைச் சாறு, வைட்டமின் ஈ, கேட்டலேஸ் நொதி ஆகியவையும் இதே நோக்கத்துக்காகச் சோதிக்கப்பட்டு, பலவற்றில் நல்ல பலனும் கிடைத்திருக்கிறது. திராட்சை விதைச் சாற்றில் உள்ள புரோஆந்தோசயனிடின் டென்டினின் கொலாஜனையும் உறுதிப்படுத்தும் என்பது அதன் தனிச்சிறப்பு. ஆனால் அதன் நிறம் அடர்த்தியானது என்பதால் வெளுத்த முன்பல்லில் அதைப் பூச எனக்குத் தயக்கமே. எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பிடுங்கிய பற்களிலும் மாட்டுப் பற்களிலும் ஆய்வகத்தில் செய்யப்பட்டவை. வாய்க்குள் பல ஆண்டுகள் நின்று பார்த்த சான்று அந்த அளவுக்கு இல்லை. எனவே எதிர்ப்பொருளைக் காலத்துக்கு மாற்றாகக் கொள்ளாமல், காலம் போதாத இடத்தில் கைகொடுக்கும் துணையாகவே நான் கருதுகிறேன்.

அடைப்பு வைக்கும் நாள்

காத்திருந்து வந்த பல்லானாலும், எதிர்ப்பொருள் பூசிய பல்லானாலும், ஒட்டு வேலையின் ஒழுங்கில் தளர்வு கூடாது. பழைய காம்போசிட்டை முழுதாக நீக்குவதே முதல் சிரமம், ஏனெனில் அதன் நிறம் பல்லோடு ஒன்றிப்போயிருக்கும். 405 நானோமீட்டர் அளவுள்ள ஊதா ஒளிவிளக்கைப் பாய்ச்சினால் பல காம்போசிட்டுகள் பல்லிலிருந்து வேறுபட்டு ஒளிரும். நல்ல எனாமலை வீணே அரைக்காமல் எஞ்சிய துணுக்குகளை மட்டும் எடுக்க இது உதவும். அடைப்பின் பெரும்பகுதி நன்றாக இருந்து, மேல்முகத்தை மட்டும் நிறத்துக்காக மாற்றுவதானால், பழைய காம்போசிட்டின் பரப்பை வைரத் துரப்பணத்தாலோ 50 மைக்ரோமீட்டர் அலுமினியம் ஆக்சைடு துகள் வீச்சாலோ சொரசொரப்பாக்கி, பிணைப்புக்கு உதவும் சிலேன் திரவத்தைப் பூசி, அதன் மேல் பாண்டிங் திரவத்தை இட வேண்டும்.

அடுத்து, குழியின் வெளி விளிம்பில் எனாமலைச் சாய்வாக வெட்டுவது. முன்பல்லில் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலச் சாய்வு, நிறத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் இணைப்பதோடு, மருந்து அதிகம் பட்ட எனாமலின் மேற்படலத்தையும் நீக்கிவிடுகிறது. மேற்படலத்தை நீக்கினால் ஒட்டுத்திறன் மீள்கிறது என்று 1990களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அதைச் சாக்காக வைத்து, அடைப்புக்குத் தேவையில்லாத இடத்திலும் எனாமலைச் சுரண்டுவதை நான் ஏற்கமாட்டேன். பத்து நாள் பொறுத்தால் தானே மீளும் ஒன்றுக்காக, என்றுமே மீளாத எனாமலை இழப்பது நியாயமான பேரம் அல்ல.

எனாமலை அமிலத்தால் பொறிக்கும், அதாவது ரெசின் பற்றுவதற்காக நுண்ணிதாக அரிக்கும் முறையை 1955இல் பூனகோர் அறிமுகப்படுத்திய காலத்திலிருந்து இன்றுவரை பாஸ்பாரிக் அமிலமே அளவுகோல். இன்றைய தானே பொறிக்கும் ஒட்டுப்பொருட்கள் வசதியானவைதான். எனினும் வெண்மையாக்கிய எனாமலில் அவற்றின் மென்மையான அமிலத்தை மட்டும் நம்பாமல், 35 முதல் 37 சதவீதப் பாஸ்பாரிக் அமிலக் களியை எனாமலில் 15 முதல் 30 விநாடி தனியே வைத்துக் கழுவுவது நல்லது. டென்டினில் 15 விநாடியைத் தாண்ட வேண்டாம். கழுவி உலர்த்தியபின் எனாமல் சீரான வெண்பனிபோல மங்கித் தோன்ற வேண்டும். திட்டுத்திட்டாகப் பளபளத்தால் அந்த இடத்தில் மறுபடி பொறிக்க வேண்டும். டென்டினை முழுதாகக் காயவிடாமல் லேசான ஈரத்தோடு விட வேண்டும் என்பது எல்லாப் பற்களுக்கும் பொதுவான விதி.

எத்தனால் அல்லது அசிட்டோனைக் கரைப்பானாகக் கொண்ட பாண்டிங் திரவங்கள் வெண்மையாக்கிய பல்லில் ஓரளவு கூடுதல் பயன் தருகின்றன. அவை நீரோடு கலந்து ஆவியாகும்போது எஞ்சிய ஆக்ஸிஜனையும் சிறிது இழுத்துச் செல்வதாக விளக்கப்படுகிறது. ஒரே பூச்சோடு நிறுத்தாமல் இரண்டு பூச்சு இட்டு, ஒவ்வொன்றையும் தூரிகையால் தேய்த்து ஊடுருவவிட்டு, திரவம் அசைவற்று நிற்கும் வரை மெல்லிய காற்றால் கரைப்பானை ஓட்ட வேண்டும். இங்கே அவசரப்பட்டால் கரைப்பானே எஞ்சி நின்று ரெசினை இளக்கிவிடும். பிறகு காம்போசிட்டை 2 மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக வைத்து, விளக்கின் முனையைப் பல்லுக்கு மிக அருகில் நேராகப் பிடித்து, தயாரிப்பாளர் குறிப்பிட்ட நேரம் முழுவதும் ஒளியூட்ட வேண்டும். விளக்கின் ஒளிச்செறிவை அளவியால் அவ்வப்போது சோதிக்காத மருத்துவமனைகளில், பெராக்சைடின் மேல் போடப்படும் பழி சில வேளைகளில் உண்மையில் மங்கிய விளக்குக்கு உரியது.

கடைசி அடுக்கின் மேல் கிளிசரின் களியைப் பூசி மீண்டும் ஒளியூட்டுவது, காற்றின் ஆக்ஸிஜனைத் தடுத்து மேற்பரப்பை நன்கு இறுக்கும். அதைச் செய்வதால் பல்லுக்குள்ளிருந்து வரும் ஆக்ஸிஜனும் தடுக்கப்படும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது வெளிப்புறத்தை மட்டும் காக்கும், பல்லை ஒட்டிய அடிப்பகுதிக்கு எதுவும் செய்யாது.

வேர்சிகிச்சை செய்த பல்

உயிர்ப்பற்ற பல்லை உள்ளிருந்து வெளுக்கவைக்கும் முறையில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது, ஏனெனில் மருந்து நாட்கணக்கில் பல்லின் அறைக்குள்ளேயே மூடி வைக்கப்பட்டு டென்டினைத் தோய்க்கிறது. தொடங்கும் முன்பே, வேர்க்குழாயை நிரப்பிய கட்டாபெர்ச்சாவின் மேல் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கிளாஸ் அயனோமர் தடுப்பை வைத்தாக வேண்டும். பெராக்சைடு ஈறை ஒட்டிய பல்லின் கழுத்துப் பகுதி வழியே வெளியேறிப் பல்வேரைக் கரைத்துவிடும் அபாயத்தை ஹாரிங்டனும் நாட்கினும் 1979இலேயே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

விரும்பிய நிறம் வந்ததும் அறையைக் கழுவி, கால்சியம் ஹைட்ராக்சைடு பசையை இட்டு இடைக்கால அடைப்பால் மூடி, ஒன்று முதல் இரண்டு வாரம் விடுவது வழக்கம். கழுத்துப் பகுதியின் அமிலத்தன்மையைச் சமன்செய்வதோடு, ஆக்ஸிஜன் வெளியேறத் தேவையான நாட்களையும் இது பெற்றுத் தருகிறது. பசை சிறிதும் எஞ்சாமல் கழுவிய பிறகே இறுதிக் காம்போசிட். வேர்சிகிச்சையின்போது பயன்படுத்திய சோடியம் ஹைப்போகுளோரைட்டும் டென்டினில் ரெசினின் பிடிப்பைக் குறைக்கக்கூடியது. அதைக் கடைசிக் கழுவலாகப் பயன்படுத்தியிருந்தால் அங்கும் சோடியம் ஆஸ்கார்பேட் அதே உதவியைச் செய்யும். இந்தப் பல்லில் அடைப்பு கசிந்தால் நிறம் திரும்பக் கறுப்பது மட்டுமல்லாமல், வேர்க்குழாய்க்குள் கிருமி மறுபடி இறங்கவும் வழி திறந்துவிடும்.

அடைப்பு வைத்த பிறகு

வெண்மையைத் தக்கவைக்க அவ்வப்போது மருந்தைத் தட்டில் இடும் பழக்கம் உள்ளவரிடம், புதிய அடைப்பு அதனால் வெளுக்காது என்பதையும், பல் மேலும் வெளுத்தால் அடைப்பு மீண்டும் தனித்துத் தெரியும் என்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விளிம்பைச் சோதித்து, மேலோட்டமான கறையானால் மெருகிட்டாலே போதும்; நுண்கருவியின் முனை விளிம்பில் சிக்கினால் அந்தப் பகுதியை மட்டும் திறந்து பழுதுபார்க்கலாம், முழு அடைப்பையும் எடுக்க வேண்டியதில்லை. வீட்டில் அடைப்பு கழன்றுவிட்டால் கடையில் கிடைக்கும் பசையால் அதைத் தாமே ஒட்டிக்கொள்ளக் கூடாது. கழன்ற துண்டைக் கொண்டுவந்தால், அதன் அடிப்பக்கம் பளபளப்பாகவும் வழுவழுப்பாகவும் இருக்கிறதா, அல்லது எனாமல் துகள்கள் ஒட்டியிருக்கின்றனவா என்பதைப் பார்த்து, பிடிப்பு எங்கே தோற்றது என்பதை மருத்துவர் கணித்து, அடுத்த முறை எத்தனை நாள் கூடுதலாகப் பொறுப்பது என்று முடிவு செய்துகொள்ள முடியும்.